மார்க்கெட் போனவர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சினிமாவில் ஜெயித்தவர்கள் நகைச்சுவைத் தொடரில் நடித்தால், உடனே ‘மார்க்கெட் போச்சு’ என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2023-இல் ‘ஷ்ரிங்கிங்’ என்ற நகைச்சுவைத் தொடருக்கு வந்தபோது வயது 80. பார்க்கின்சன் நோயுள்ள மனநல ஆலோசகர் வேடம். சிடுசிடுவென்று அவர் ஒரு வார்த்தை சொல்ல, காபி குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது.

ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா ‘கிரேஸ் அண்ட் ஃபிராங்கி’ தொடரில் 94 அத்தியாயங்கள் நடித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு, தோழியர் இருவரும் தரையிலிருந்து எழ முடியாமல் கிடக்கும் காட்சியில் என் மனைவி சிரிக்கவே இல்லை. போன மாதம்தான் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். அப்புறம் சேர்ந்து சிரித்தோம், அது வேறு கதை. இரண்டு மணி நேரப் படத்தில் எழுபது வயது நடிகைக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம் தருகிறார்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகர்