விருப்ப மனு கொடுக்கும் முன்

அன்பு மகளுக்கு,

சோழவந்தான் தொகுதிக்கு விருப்ப மனு கொடுக்கச் சொல்கிறார்கள், என்னப்பா சொல்றீங்க என்று நேற்று ராத்திரி போனில் கேட்டாய். நான் சாப்பிட்டியா என்று கேட்டு பேச்சை மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை. இதையெல்லாம் போனில் பேச எனக்கு வராது தாயி, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது பயம்தான். மேலூர்ப் பக்கம் பிறந்துவிட்டு எப்படிப் பயப்படாமல் இருப்பது? தனி ஊராட்சியான மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவரோடு வந்தவர்களையும் விடவில்லை. ஒரு வாரம் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தேன். நீ காரணம் கேட்டு அழுதாய், நான் சொல்லவில்லை. அந்தப் பயம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி உன்னைத் தடுப்பதற்கு இந்தக் கடிதம் இல்லை.

கக்கன் ஐயாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் மேடையில் சொல்வதுதான். அமைச்சராக இருந்தும் காசு சேர்க்கவில்லை, பதவி போனதும் பஸ்ஸில் போனார், கடைசியில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் கிடந்தார், மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். கக்கன் அங்கே இருப்பது தெரிந்து போய்ப் பார்த்தார். எல்லாம் உண்மை. 1981 டிசம்பரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று நம் வீட்டில் உலை வைக்கவில்லை.

ஆனால் ஏழையாகச் செத்ததை மட்டும் சொல்லி அவரை முடித்துவிடுகிறார்களே, அது எனக்கு வருத்தம். தும்பைப்பட்டியில் பூசாரி மகனாகப் பிறந்தவர். 1939 ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கூட்டிப்போனவர்களில் ஒருவர். அதுவரை தெருவில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று உங்க அப்பத்தா சொல்லும். அப்புறம் அரசியல் நிர்ணய சபை, 1952இல் மதுரை எம்.பி., 1957இல் மேலூரிலிருந்து எம்.எல்.ஏ. காமராஜர் அவருக்குப் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். வைகை அணை 1959இல் திறந்தது அவர் அந்தத் துறையில் இருந்தபோதுதான். வாய்க்கால் வேலைக்குக் கூலியாகப் போய்வந்த உங்க தாத்தா, "தண்ணி நம்ம ஆளு கையில இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

அடுத்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1963இல் பக்தவத்சலம் முதலமைச்சரானபோது கக்கன் உள்துறை அமைச்சரானார். லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் அந்த ஆட்சியில்தான் வந்தது. அதற்கடுத்த வருஷம் ஜனவரி 25ஆம் தேதி மதுரையில் மாணவர்கள் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போனோம். நானும் போனேன், வயது பதினேழு. வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் ஆபீஸ் பக்கத்தில் தகராறு மூண்டது. அன்றைக்குப் பற்றிக்கொண்டது தமிழ்நாடு முழுக்கப் பரவி, பல ஊர்களில் போலீஸ் சுட்டது. அந்தப் போலீஸுக்கு அமைச்சர் நம்ம கக்கன்.

வீட்டுக்கு வந்து அவரைத் திட்டினேன். உங்க தாத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். 1967 தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை, அப்போது இருபத்தொரு வயது ஆக வேண்டும். தாத்தா கக்கனுக்குப் போட்டார். அவர் தோற்றார். அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதற்காக நான் ஊர்வலம் போனது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. கக்கன் கை சுத்தமான மனுஷன்தான், ஒரு காசு தொடாதவர்தான். ஆனாலும் அவருடைய துறைதான் சுட்டது. எனக்கு இரண்டுமே உண்மை.

நீ லஞ்சம் வாங்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். நான் கேட்பது வேறு. கட்சி ஒன்று சொல்லும், தொகுதி வேறொன்று சொல்லும். 234 பேரில் 44 பேர் தனித் தொகுதியிலிருந்து போகிறார்கள். நம் மதுரை மாவட்டத்தில் பத்துத் தொகுதியில் சோழவந்தான் ஒன்றுதான் தனி. அங்கே ஜெயிக்க எல்லாச் சாதி ஓட்டும் வேண்டும், அதனால் சில ஊர் விஷயங்களில் கண்டும் காணாமல் இருக்கச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள், நம்மை வளர்த்தவர்களாகவும் இருப்பார்கள். ஒரு நாள் உன் ஊர்ச் சனம் ஒரு பக்கமும் உன் கட்சி ஒரு பக்கமும் நின்றால் நீ எங்கே நிற்பாய்? இதை மனுக் கொடுப்பதற்கு முன்பே யோசித்து வை. எனக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

பணத்தைப் பற்றி. ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரை செலவழிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதைத் தாண்டிக் கேட்பார்கள். வீட்டை அடமானம் வைக்காதே, மாப்பிள்ளை வீட்டிலும் கேட்காதே. கட்சி செலவு செய்யாவிட்டால் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் சாதிச் சான்றிதழ் அசல் பச்சை டிரங்குப் பெட்டியில் பட்டாவோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயே வந்து சொல். டெபாசிட் பொதுவாக 10,000 ரூபாய், பட்டியல் சாதி வேட்பாளர் என்பதால் நமக்கு 5,000. அதை மட்டும் யாரும் கட்ட வேண்டாம். என் பென்ஷனில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா
மேலூர்