மருந்து பூசிய கம்பி வைத்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கினால் மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தவர்களின் வீட்டார் ஊன்றுகோலும் பஞ்சும் வாங்க நம் கடைக்கு வருவார்கள். “மருந்து பூசின கம்பி இருக்காமே, அதை வச்சா மாத்திரை வேணாமாமே?” என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். முறிந்த எலும்பு அசையாமல் இருக்க உள்ளே வைக்கும் கம்பியைத்தான் சொல்கிறார்கள். அதை வைத்தாலும் கிருமியைக் கொல்லும் மாத்திரை வேணும். ஏன் என்று சொல்கிறோம்.

இப்படிப்பட்ட கம்பிகளை டைட்டேனியம் என்ற உலோகத்தில் செய்வதுண்டு. அதோடு எலும்பு ஒட்டி வளரும். அந்தக் குணத்தை நம்பித்தான் சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965இல் ஒருவருக்குத் தாடையில் டைட்டேனியப் பல்வேர் பொருத்தினார். ஆனால் கிருமியும் அதில் ஒட்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்திருந்தால் மண்ணோடு கிருமி உள்ளே போய், கம்பியின் மேல் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அப்புறம் ஊசிக்கும் மாத்திரைக்கும் அது லேசில் மசியாது. அதனால் முதல் சில நாட்கள்தான் முக்கியம்.

கெண்டைக்கால் எலும்புக்குள் செலுத்தும் ஒருவகைக் கம்பியில், உடம்புக்குள் மெல்லக் கரையும் பாலிலாக்டைட் என்ற பிளாஸ்டிக் போன்ற பொருளோடு ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து பூசியிருக்கும். ஐரோப்பாவில் பயன்படுத்தியிருக்கிறார்கள். பூசிய மருந்தின் பெரும்பகுதி முதல் 2 நாட்களிலேயே வெளியேறிவிடும். அது வேலை செய்வதும் கம்பியைச் சுற்றித்தான். மிச்சத்தை டொக்டர் எழுதித்தரும் மருந்துதான் பார்க்க வேண்டும்.

எலும்பை வளரத் தூண்டும் பிஎம்பி-2 போன்ற புரதத்தைப் பூசுவது இன்னும் சிரமம். சூடுபட்ட முட்டை வெள்ளைக்கரு மாதிரி புரதம் கெட்டுவிடும். எலும்பில் உள்ளது போன்ற சுண்ணத்தை (கால்சியம் பாஸ்பேட்) கம்பியின் மேல் கடும் சூட்டில் பூசும்போது அதைச் சேர்க்க முடியாது. எனவே உடல் திரவம் போன்ற கரைசலில் உலோகத்தை ஊறவைத்து, சுண்ணமும் புரதமும் சேர்ந்து படியவைக்கும் முறையை ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். புரதம் ஒரேயடியாக வெளியேறினாலும் ஆபத்து. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற முறையில், சிறு டைட்டேனியக் கூண்டுக்குள், கொலாஜன் என்ற புரதத்தால் ஆன பஞ்சில் பிஎம்பி-2ஐ ஊறவைத்து கீழ் முதுகெலும்பில் வைத்தார்கள். கழுத்தில் வைத்த சிலருக்கு மூச்சு முட்டும் அளவுக்கு வீங்கியதால் 2008இல் எச்சரிக்கை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சரியான இடத்தில் வெளிவர வைப்பதுதான் இதில் பெரிய வேலை.

கம்பி நாங்கள் விற்பதில்லை. எதை வைப்பது என்று முடிவெடுப்பது சத்திரசிகிச்சை நிபுணர். ஜென்டாமைசின் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காயம் சிவந்து சூடானாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கடைக்கு வந்து மாத்திரை கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து வாங்க வரும்போது டொக்டர் எழுதித்தந்த மருந்துத் துண்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடையினர்,
ஹட்டன்