சனிக்கிழமை ஒயின் சுவைப்பு: உறுப்பினர்களுக்கான அறிவிப்பு

அன்பார்ந்த சுங்கை சிப்புட் உறுப்பினர்களே, வணக்கம். எதிர்வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, போர்த்துகலின் வடமேற்கே அட்லாண்டிக் கடலை ஒட்டிய வின்ஹோ வெர்டே வட்டாரத்தின் மூன்று வெள்ளை ஒயின்களைச் சுவைக்கவிருக்கிறோம். 1908இல் எல்லை வகுக்கப்பட்ட அவ்வட்டாரத்தில், கடற்காற்றும் மிகுந்த மழையும் திராட்சையின் புளிப்பைக் குறையாமல் காப்பதால், ஒயின் இலேசாகவும் துடிப்பாகவும் அமைகிறது. பெயரிலுள்ள ‘வெர்டே’ என்ற சொல்லுக்குப் ‘பச்சை’ என்று பொருள்; அது நிறத்தையன்று, இளமையையே குறிக்கும். நேற்று ஒரு புட்டியைத் திறந்தபோது, கண்ணாடிக் குவளையின் ஓரத்தில் சிறுகுமிழிகள் ஒட்டி நின்றன, எலுமிச்சைத் தோலின் மணம் எழுந்தது. மிளகாய் தடவிப் பொரித்த மீனுக்கு இதைவிடப் பொருத்தமான மலிவு ஒயினை நான் சுவைத்ததில்லை. நன்கு குளிரவைத்தே பரிமாறுவோம். ஒருவருக்கு 40 வெள்ளி; 21 வயது நிறைந்தோர் மட்டுமே வரலாம். சுவைக்க வருவோர் வாகனம் ஓட்டி வர வேண்டாமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமைக்குள் பெயர் தெரிவியுங்கள்.