சின்ன உணவகத்துக்கும் ஒரு வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையூர்களில் மது பரிமாறும் மனமகிழ் மன்றங்கள் புற்றீசல் போலக் கிளம்புவதாகக் கோத்தகிரி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் வருத்தம் நியாயமானது. ஏன் கிளம்புகின்றன என்பதை நான் சொல்கிறேன்.

குன்னூரில் சிறிய உணவகம் நடத்துகிறேன். சீசனில் வருகிறவர்கள் உட்கார்ந்ததுமே கேட்பது, "பீர் கிடைக்குமா?" முறையாக உரிமம் வாங்கலாமே என்று விசாரித்தேன். மன்றங்களுக்கு எஃப்.எல்.2 உரிமம், நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3 உரிமம் என்கின்றன 1981-ஆம் ஆண்டு மது உரிம விதிகள். டாஸ்மாக் கடையை ஒட்டிய பார் என்றால் டெண்டர். சாப்பாடு மட்டும் போடுகிறவனுக்கு இதில் இடமில்லை. "அதனாலென்ன சார், மன்றம் ஒண்ணு பதிவு பண்ணிடலாம்" என்றார் ஒரு புரோக்கர். ஒரு கேரம் போர்டு, ஓர் உறுப்பினர் பதிவேடு, அவ்வளவுதானாம். உறுப்பினர்களுக்குத்தானே பரிமாறலாம், காலையில் மலையேறி சாயங்காலம் இறங்குகிற கோயம்புத்தூர்க்காரர் எப்படி உறுப்பினராவார் என்று கேட்டேன். சிரித்தார். சரி, இது நமக்கு ஒத்து வராது என்று எழுந்து வந்துவிட்டேன்.

கக்கநல்லா சோதனைச்சாவடி தாண்டிக் கர்நாடகம் போனால் 'பார் அண்ட் ரெஸ்டாரன்ட்' பலகைகள் சாதாரணம். இங்கே இல்லையென்றால் குடிக்காமலா போகிறார்கள்? டாஸ்மாக்கில் வாங்கி, டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போகும் சாலையோரம் காரை நிறுத்திக் குடித்துவிட்டு, அதே காரைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிறார்கள். மறுநாள் தேயிலைச் செடிகளின் தூரில் கடலைப் பாக்கெட்டும் கண்ணாடிச் சில்லும் கிடக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களும் காட்டெருமைகளும் நடக்கிற இடம் அது. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் வந்தது. நிஜமாகவே நல்ல திட்டம். ஆனால் உடைத்துப் போட்ட பாட்டிலை யார் வாங்குவார்கள்?

பீர், ஒயின் மட்டும், அதுவும் சாப்பாட்டோடு பரிமாற உணவகங்களுக்குத் தனி உரிமம் கொடுங்கள். பார்சல் கூடாது, இரவு 10 மணிக்குப் பூட்டிவிட வேண்டும். பள்ளி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து டாஸ்மாக் கடைக்கு உள்ள அதே தூரம், அதாவது நகராட்சியில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர், எங்களுக்கும் இருக்கட்டும். விண்ணப்பம் வந்ததும் அந்த வார்டு மக்களைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். (என் வீட்டுக்காரம்மாவே முதல் ஆட்சேபணை கொடுப்பார், அது வேறு விஷயம்.) கட்டணத்தை மட்டும் நட்சத்திர ஓட்டல் கணக்கில் வைக்காமல், எத்தனை மேசை என்று பார்த்து வையுங்கள். அப்போதுதான் எங்களால் கட்ட முடியும்.

இப்படிக்கு,
ஓர் உணவக உரிமையாளர்,
குன்னூர்.