குளிரைப் பற்றிக் கேட்டுவிட்டேன்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பு மகன்,

ஞாயிற்றுக்கிழமை டொரொண்டோவிலிருந்து கதைத்தபோது, "இப்படி இருக்கிறதைவிட இல்லாமல் போறது நல்லம் போல கிடக்கு அப்பா" என்றாய். நான் உடனே அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சொல்லவில்லை. பயத்தில் கேட்டது, மகன். நாலு நாளாக எனக்கு நித்திரை இல்லை.

இப்போது கேட்கிறேன். உனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறதா? எத்தனை நாளாக? நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று நம் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படியில்லை. கேட்க ஒருவர் இருந்தால்தான் சொல்ல வரும். நீ என்ன சொன்னாலும் நான் ஏசமாட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை இருவரும் சேர்ந்து யோசிப்போம்.

குடிப்பதையும் சொன்னாய். நீ சின்னவனாக இருந்தபோது, அப்பாவுக்கு நெருப்புக்காய்ச்சல் என்று உன்னை மாமா வீட்டுக்கு அனுப்பினோமே, அது காய்ச்சல் இல்லை. சாராயத்தை ஒரே நாளில் நிறுத்தியிருந்தேன். மூன்றாம் நாள் கை கால் நடுங்கி, சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகக் கண்டு, வலிப்பும் வந்தது. வருடக்கணக்காக நிறையக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. ஆகவே நீ தனியே நிறுத்தப் பார்க்காதே. எவ்வளவு குடிக்கிறாய் என்று டொக்டரிடம் குறைக்காமல் சொல்லு. மருந்து தந்து பக்குவமாக நிறுத்துவார்கள்.

உடம்பு தேறிய பிறகுதான் எனக்கு மனம் விழுந்தது. விடியும்போதே, இன்னும் ஒரு நாளா என்று இருக்கும். ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோவுக்குப் போனேன். மனம் உடைந்தவர்கள் போய்க் கதைக்க 1974இலிருந்து நடக்கிற இடம். தமிழும் சிங்களமும் கலந்து, அழுதுகொண்டே ஒரு மணி நேரம் கதைத்தேன். அங்கிருந்த அம்மா ஒரு புத்தியும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். அதுவரை எல்லாரும் எனக்குப் புத்திதான் சொன்னார்கள். குடியையும் போதையையும் விட உதவ அவர்களே நடத்தும் மெல் மெதுரவுக்கும் அப்புறம் சில மாதங்கள் போனேன்.

"அங்கொடைக்குப் போகவேண்டியவன்" என்று மாமா என்னை ஏசியது உனக்கு ஞாபகம் இருக்கலாம். நீ கனடா போன பிறகு பழைய எண்ணம் ஒரு தடவை திரும்பி வந்தது. அந்த அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவில் நானே அழைப்பு எடுத்தேன். வெட்கப்படவில்லை.

அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். 1995இல் இந்த நாட்டில் தற்கொலை மிக அதிகம். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, பத்து வருடத்தில் அது ஏறக்குறையப் பாதியானது. கைக்கு எட்டாததால் அத்தனை பேர் அந்த நேரத்தைத் தாண்டினார்கள். உன் அறையிலும் அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே நண்பனிடம் கொடுத்துவிடு. அவனை இரவு உன்னோடு தங்கச் சொல்லு.

கனடாவில் இலக்கம் 988. எந்த நேரமும் எடுக்கலாம், கதைக்க முடியாவிட்டால் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். எனக்கும் எந்தச் சாமத்திலும் எடு.

நாளைக் காலை 6.30க்கு நான் எடுப்பேன். உனக்கு அப்போது இன்றிரவு 8 மணி. குளிரைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

அப்பா