கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பும் மனு

நகர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கலெக்டருக்குக் கொடுக்கப்போகும் மனு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. செயின் பறிப்பு, பெட்ரோல் திருட்டு, இருட்டுத் தெரு என்று மூன்றாம் பத்தி வரை எனக்கும் உடன்பாடுதான். நான்காம் பத்தியில் பேனாவை மூடிவிட்டேன். கெடிலக் கரைக் குடியிருப்புப் பையன்களுக்கு 'வன்முறை மரபணு' சோதனை செய்து, ஸ்டேஷனில் பட்டியல் வைக்க வேண்டுமாம்.

முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள் சொல்கிறேன். நீங்கள் வீடியோவில் 'வன்முறை மரபணு' என்று பார்த்தது எம்.ஏ.ஓ.ஏ. மரபணு; மூளையின் சில வேதிப்பொருட்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது. அந்த நொதி குறைவாக உண்டாகும் 'குறைவேக' வடிவம் அபூர்வமே இல்லை. பல நாடுகளில் ஆண்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்காவது இருக்கிறது. நம் செயற்குழுவில் பதினோரு ஆண்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் டுனடின் நகரில் 442 ஆண்களைச் சிறுவயது முதல் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வடிவத்தோடு சின்ன வயதில் கொடுமையும் அனுபவித்தவர்களிடம்தான் வன்முறை கூடுதலாகத் தெரிந்தது.

அந்தக் குடியிருப்புப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளைச் சிதையாமல் பிரித்து ஒட்டத் தெரிந்தவன் அந்த வருஷம் அவன் ஒருத்தன்தான். ஒருநாள் பிராக்டிகல் முழுக்கச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டபடியே நின்றான். கழுத்தில் பெல்ட் தழும்பு. பிற்பாடு அடிதடி கேசில் கேப்பர் மலைச் சிறைக்குப் போனான். உங்கள் பட்டியலில் அவன் ரத்தம்தான் ஏறும், அந்த பெல்ட் ஏறாது.

'அமெரிக்காவிலேயே செய்கிறார்கள்' என்று ஓரத்தில் யாரோ எழுதியிருக்கிறீர்கள். அங்கே 1992-இல் மனநலத் துறை உயரதிகாரி பிரெடெரிக் குட்வின் நகர்ப்புற வன்முறையைக் காட்டுக் குரங்குகளோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் குற்றமும் மரபணுவும் பற்றிய மாநாட்டுக்குத் தந்த அரசு நிதியை, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மரபணு என்ற வார்த்தையே அன்று இங்கே யாருக்கும் தெரியாது. 'பரம்பரை' போதுமாக இருந்தது. ஊர் ஊராக ரேகை வைத்தார்கள். ஒன்றும் செய்யாதவனும் ராத்திரி ஆஜராக வேண்டும். 1947-இல்தான் இங்கே அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள்.

நான்காம் பத்தியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், பாலத்துக்குக் கீழே ஏழு மாதமாக எரியாத நான்கு விளக்குகளைக் கம்ப எண்ணோடு எழுதி வாருங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்