நீலக் கவர்

அன்புள்ள கண்ணா,

போன வாரம் போனில் என்னென்னவோ பேசினோம். அப்பாவின் ரிப்போர்ட் இருந்த நீலக் கவரைப் பற்றி மட்டும் நீயும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாயா?

எத்தனை வருஷம் உயிரியல் பாடம் எடுத்தேன்! அப்பாவின் குடல் நோயைப் புரியவைக்கும் கதையும் அதில் உண்டு. இறக்கை இல்லாத பழ ஈக்களை வைத்து ஒரு மரபணுவைக் கண்டார்கள். 1982-இல் எலியின் மார்பகக் கட்டியில் இன்னொன்று கிடைத்தது. பக்கத்தில் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்ததால் தூண்டப்பட்டது. 1987-இல் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கருவில் உடம்பைக் கட்டும் மரபணு, வேளை தப்பி விழித்தால் கட்டியை வளர்க்கிறது.

குடலின் உள்தோல் நாலைந்து நாளில் புதிதாகிறது. அதற்கும் அந்த மரபணு வகை அனுப்பும் அதே சமிக்ஞைதான் வேண்டும். அதை அடக்கி வைக்கும் பிரேக், ஏபிசி (APC) என்கிற மரபணு. அப்பாவுக்குப் பிறவியிலேயே அதில் ஒரு பிரதி பழுது. ஒரு செல்லில் மற்றதும் போய்விட்டால், யாரும் சொல்லாமலே அது பெருகும். அப்படித்தான் அப்பாவின் குடலில் அத்தனை பாலிப், அதாவது சின்னச் சின்னக் கட்டிகள்.

உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லையென்று தெரிந்தால் இந்தக் கவலையே விட்டது. இருந்தால், புற்றாக மாறும் முன்பே கொலோனோஸ்கோபியில், குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்துப் பிடித்து, வேண்டிய சிகிச்சை செய்துவிடலாம். 10, 12 வயதிலேயே பார்க்கத் தொடங்க வேண்டியது; உனக்கு 27 ஆகிறது. ரத்தம் கொடுத்துவிடு.

அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு ராத்திரிகூடக் கண் மூடாதவன் நீ. அதைச் சொல்லாத நாளில்லை. உன் உடம்பு என்றால் மட்டும் ஏன் இப்படி ஒளிகிறாய்?

ஒளிந்தவள் நான்தான். ரத்தம் போகிறது என்று அப்பா முதன்முதலில் சொன்னபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "மூலமாக இருக்கும், சூடு" என்றேன். தாத்தா எதில் போனார் என்று தெரிந்தவள் சொன்ன பதில் அது. என் பேச்சை நம்பி ஒன்றரை வருஷம் டாக்டரிடம் போகாமல் இருந்தார். உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

கவரில் இருந்த ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்ட இடத்தை டாக்டரிடம் காட்டு. எதைத் தேட வேண்டும் என்று அவருக்குப் புரியும். என்றைக்குப் போகிறாய் என்று மட்டும் சொல், நானும் கிளம்பி வருகிறேன்.

அம்மா